சீட்டில் "1/1" என்று போட்ட அரூப அச்சு: ஓவியமா, நகலா?

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கோலாலம்பூரில் ஒரு கண்காட்சிக்குப் போன இடத்தில், இன்ன உருவம் என்று சொல்ல முடியாத அரூபப் படம் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் "மோனோடைப், கொலாகிராஃப், அக்ரிலிக், காகிதம், 1/1" என்று இருந்ததாம். விலையோ அதே சுவரில் மாட்டியிருந்த கான்வாஸ் ஓவியத்தின் விலைக்குக் கிட்டத்தட்ட சமம். கூட வந்த மச்சான், "அச்சுன்னாலே நகல்தானே, அதுக்கு எதுக்கு இந்த விலை?" என்று கேட்டிருக்கிறார். நண்பர் வாங்காமல் திரும்பிவிட்டார், ஆனால் மனம் அங்கேயே இருக்கிறது. இது ஓவியமா அச்சா, வாங்கலாமா, வீட்டில் நானே செய்து பார்க்க முடியுமா என்று கேட்கிறார்.

மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காகிதத்தில் கலைஞரின் கை உண்மையிலேயே வேலை செய்திருக்கிறதா, இல்லை இயந்திரத்தில் எடுத்த படத்தின் மேல் நாலு தீற்றல் போட்டு விற்கிறார்களா? நியாயமான சந்தேகம். கோலாலம்பூரில் அச்சுப் பட்டறையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன், மாலை வகுப்பும் எடுக்கிறேன். என் மாணவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோனோடைப் நகல் இல்லை. வழவழப்பான ஒரு தகட்டில் மையையோ வண்ணத்தையோ வைத்து நேரடியாக வரைவார்கள். தகடு செம்பாக இருக்கலாம், கண்ணாடியாக இருக்கலாம், இப்போது பெரும்பாலும் பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதில் செதுக்கல் எதுவும் கிடையாது. வண்ணம் ஈரமாக இருக்கும்போதே காகிதத்தை மேலே வைத்து அழுத்தி எடுத்தால் பெரும்பகுதி காகிதத்துக்கு வந்துவிடும். தகட்டில் மிச்சம் இருப்பதை வைத்து இன்னொரு தாள் எடுக்கலாம். தேங்காயின் இரண்டாம் பால் போல, வாசனை அதேதான், திடம் குறைவு. அதற்கு மேல் எடுக்கத் தகட்டில் ஏதும் இருக்காது. ஆகவே மோனோடைப்புக்கு "1/1", அதாவது மொத்தம் ஒன்று, அதில் இது ஒன்று, என்று போடுவது சரி. முழுத் திடத்தோடு வருவது ஒரு தாள்தான், அதுவே மூலம்.

கொலாகிராஃப் வேறு கதை. அதற்கு ஒரு தகட்டைக் கட்டுவார்கள், கிட்டத்தட்ட கட்டத்தான் வேண்டும். கெட்டி அட்டையின் மேல் துணி, நூல், மணல்தாள், கசங்கிய டிஷ்யூ, காய்ந்த இலை, பசை என்று ஒட்டி, ஈரம் ஏறாமல் வார்னிஷ் அடித்துக் காயவைப்பார்கள். பிறகு மையைத் தேய்த்துப் பள்ளங்களில் இறக்கி, மேட்டில் இருப்பதைத் துடைத்து, நனைத்த காகிதத்தை வைத்து பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் ஓட்டுவார்கள். இந்தப் பெயரை 1956-ல் வைத்தவர் அமெரிக்காவின் சியாட்டிலில் கற்பித்த கிளென் ஆல்ப்ஸ். மோனோடைப் போல் இல்லாமல் இந்தத் தகட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாம். தகடு நசுங்கும் வரை பல தாள்கள் எடுக்கலாம். ஆகவே நீங்கள் பார்த்த படத்தில் கொலாகிராஃப் பகுதி இன்னொரு படத்திலும் வந்திருக்கக்கூடும். அது மோசடி ஆகாது. அந்தத் தகடும் அந்த மோனோடைப்பும் அந்த வண்ணத் தீட்டலும் சேர்ந்த சேர்க்கை ஒன்றே ஒன்றுதான் என்பதையே "1/1" சொல்கிறது. ஆனால் வாங்குகிறவர் என்ற முறையில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. "இந்தத் தகட்டை வேறு எந்தப் படத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நேர்மையான கலைஞர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். பல சமயம் பக்கத்துச் சுவரிலேயே அதன் உடன்பிறப்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

ஓவியத்தையும் அச்சையும் கலப்பது நேற்று முளைத்த பழக்கம் என்று உங்கள் மச்சான் நினைத்தால் இதைச் சொல்லுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் ஹெர்குலஸ் சேகர்ஸ் என்று ஒருவர் இருந்தார். ஒரே தகட்டை வண்ணம் பூசிய காகிதத்திலும் துணியிலும் அச்சிட்டு, மேலே தூரிகையால் தீட்டி, ஒவ்வொன்றையும் வேறு வேறாக ஆக்கினார். அவர் ஓவியங்களை அச்சிடுகிறார் என்று அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1640-களில் ஜெனோவாவின் காஸ்தில்யோனே மோனோடைப் செய்தார். அந்த முறையைத் தொடங்கியவர் என்று அவரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் பிரெஞ்சு ஓவியர் தெகா. பாலே நடனப் பெண்களை வரைந்தவராகத்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் முந்நூறுக்கும் மேற்பட்ட மோனோடைப் எடுத்திருக்கிறார். முதல் தாளை எடுத்ததும் நிறுத்தாமல், வெளிறிய இரண்டாவது தாளையும் எடுத்து அதன் மேல் பாஸ்டல் என்ற வண்ணக் கட்டியால் தீட்டுவார். 1890-ல் பர்கண்டியில் ஒரு நண்பர் வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி மோனோடைப்புகள் தொடங்கினார். மலை எது, மூடுபனி எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு அவை அரூபத்துக்குப் பக்கத்தில் போய்விட்டன. 1892-ல் பாரிஸில் அவற்றைக் காட்சிக்கும் வைத்தார். அவற்றை யாரும் நகல் என்று தள்ளுவதில்லை.

நம் பக்கத்துக்கு வந்தாலும் இதற்கு வேர் இருக்கிறது. பாரிஸில் 1927-ல் ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேய அச்சுக் கலைஞர் தொடங்கிய "அட்டெலியே 17" என்ற பட்டறையில் வேலை செய்த கிருஷ்ணா ரெட்டி ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்துக்காரர். மெட்ராஸ் கலாக்ஷேத்திராவில் சில காலம் கற்பித்துவிட்டு ஐரோப்பா போனவர். ஒரே தகட்டில், ஒரே ஓட்டத்தில் பல வண்ணங்களை அச்சிடும் முறையை 1950-களில் அங்கே உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அதன் சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் கூடுதலாகச் சேர்த்து இளக்கிய மையைக் கெட்டியான ரோலரால் உருட்டினால் அது தகட்டின் மேட்டை மட்டும் தொடும். அடுத்து இறுகலான இன்னொரு மையை மெத்தென்ற ரோலரால் உருட்டினால், எண்ணெய் மை இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. பள்ளத்தில் இறங்கி அங்கே மட்டும் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அச்சுக்காரர் ஓவியரைப் போல வண்ணத்தைக் கையாள வழி திறந்த கண்டுபிடிப்பு அது. கிள்ளானில் பிறந்த லோங் தியென் ஷி அதே பட்டறைக்குப் போய்ப் படித்தவர். தமிழ்நாட்டில் தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன் அச்சையும் கைக்கோட்டையும் சேர்த்து அரூபமாகச் செய்த வேலைகளைத் தேடிப் பார்த்தால், உங்களுக்குப் பிடித்த அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள உதவும். இங்கே மலேசியாவில் ரெட்சா பியாதாசா பழைய குடும்பப் புகைப்படங்களை சில்க் ஸ்கிரீனில், அதாவது வலைத்துணி வழியாக மையை இறக்கும் அச்சில், எடுத்து, வண்ணமும் கொலாஜும் (ஒட்டுப்படமும்) சேர்த்துத் தன் மலேசியத் தொடரைச் செய்தார். அவை அரூபம் இல்லை, ஆனால் அச்சும் வண்ணமும் ஒரே பரப்பில் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்கு நல்ல பாடம். பினாங்கில் சுவா தியென் தெங் 1950-களில் பாத்திக் மெழுகைக் கொண்டு சுவரில் மாட்டும் ஓவியம் செய்தார். அச்சுக்கட்டையால் மெழுகு பதித்து, பிறகு தூரிகையால் வண்ணம் விட்ட பாத்திக் துணி இந்த நாட்டில் எத்தனை அலமாரியில் இருக்கிறது! அதை யாரும் "நகல்" என்று சொல்வதில்லையே.

சரி, வரலாறு போதும். எல்லாக் கலப்புப் படமும் நல்ல படம் ஆகிவிடாது. நான் எப்படிப் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். இது என் அபிப்பிராயம், வேறு அச்சுக்காரர்கள் மறுக்கலாம். அரூபத்தில் பற்றிக்கொள்ள முகமோ மரமோ கிடையாது. பரப்புக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே நடக்கும் பேச்சு. தூரிகை எந்தப் பக்கம் போனது, எவ்வளவு வேகமாகப் போனது என்பதைத் தூரிகைத் தடம் காட்டிக்கொடுக்கும். ரோலரும் பிரஸ்ஸும் அதை அழித்துவிடும். பிரஸ்ஸில் வந்த மை காகிதத்துக்குள் இறங்கியிருக்கும், மேலே போட்ட அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணம், காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நல்ல கலைஞர் இந்த இரண்டையும் வைத்து ஆழத்தை உண்டாக்குகிறார். ஒரு அடுக்கு அச்சு, அதன் மேல் மெல்லிய வண்ணம், அது காய்ந்ததும் திரும்ப அச்சு என்று மாறி மாறி வரும்போது எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது என்பதைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். பலவீனமான படத்தில் வண்ணம் எப்போதும் கடைசியில்தான் வரும். அச்சு சப்பென்று இருந்ததால் அதைக் காப்பாற்ற நாலு தங்க நிறத் தீற்றல், கொஞ்சம் தெறிப்பு. அடுத்த முறை போகும்போது அந்தத் தீட்டிய இடங்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். மீதிப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த வண்ணம் வெறும் அலங்காரம். படம் மூச்சுத் திணறினால் அந்த வண்ணம் தேவைப்பட்டது.

இனி, ஏமாற்றுக்கு வருவோம். நடக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஓவியத்தை ஸ்கேன் செய்து, நல்ல காகிதத்தில் இங்க்ஜெட்டில் எடுத்து, மேலே கொஞ்சம் ஜெல் தடவி "கலப்பு ஊடக அச்சு" என்று விற்பது உண்டு. கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அதே லென்ஸ். ஒரே நிறமாகத் தெரியும் சாம்பல் பகுதியை அதில் பாருங்கள். நீலம், மஞ்சள், கருஞ்சிவப்பு என்று சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் இங்க்ஜெட். புள்ளிகள் ஒழுங்காகப் பூ மாதிரி வட்டம் கட்டியிருந்தால் ஆஃப்செட், புத்தகம் அச்சடிக்கும் இயந்திர முறை. கையால் எடுத்த மோனோடைப்பிலும் கொலாகிராஃபிலும் அப்படிப் புள்ளி இருக்காது, மை தொடர்ச்சியாகப் படிந்திருக்கும். அடுத்து, கைப்பேசி விளக்கைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். கொலாகிராஃப் என்றால் காகிதமே மேடும் பள்ளமுமாகப் புடைத்திருக்க வேண்டும். நூல் போன இடம் விரலுக்குத் தெரியும் அளவுக்குக் குழிந்திருக்கும். பின்பக்கம் பார்க்க விட்டால் அந்தப் புடைப்பு தலைகீழாக அங்கேயும் இருக்கும்.

மோனோடைப்புக்கு இன்னும் ஒரு அடையாளம் உண்டு, பார்க்கவும் அழகு. கெட்டியான ஈர வண்ணத்திலிருந்து காகிதத்தை உரித்து எடுக்கும்போது, நடுவே காற்று புகுந்து வண்ணத்தைக் கிளை கிளையாகப் பிரித்துவிடும். இலை நரம்பு மாதிரி, ஆற்றின் கழிமுகத்தை மேலிருந்து பார்ப்பது மாதிரி, முடியளவு மெல்லிய வரிகள். தூரிகையால் அதை வரைய முடியாது. லென்ஸில் அந்த நரம்பு தெரிந்தால், இரண்டு பரப்புகள் ஈரத்தில் ஒட்டிப் பிரிந்திருக்கின்றன என்று நம்பலாம். ஆனால் மை மெல்லியதாக இருந்தால் அது வராது. அது இல்லை என்பதற்காகப் படத்தைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை இருக்கிறது. தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடத்தைப் பலர் அத்தாட்சியாக நினைக்கிறார்கள். வெறும் தகட்டை வைத்து அழுத்தினாலும் அந்தத் தடம் வந்துவிடும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்த பிறகு பாதிச் சோதனை செய்ய முடியாது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை வைத்தும் யாராலும் உறுதி சொல்ல முடியாது, என்னையும் சேர்த்து. இன்னொன்று, இங்க்ஜெட் புள்ளி தெரிந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் அடுக்கை அடியில் வைத்து மேலே கையால் அச்சிட்டுத் தீட்டும் கலைஞர்கள் இருக்கிறார்கள், நல்ல வேலையும் செய்கிறார்கள். சீட்டில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். உங்கள் சீட்டில் டிஜிட்டல் என்ற சொல்லே இல்லை. அப்படியானால் புள்ளியும் இருக்கக்கூடாது.

விலையைப் பற்றி அளவோடுதான் பேசுவேன், அது என் தொழில் இல்லை. பொதுவாகக் காகித வேலை, அதே கலைஞரின் அதே அளவு கான்வாஸைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும். ஆகவே பக்கத்தில் தொங்கிய வேறொருவரின் கான்வாஸோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தக் கலைஞரின் மற்றக் காகித வேலைகள் என்ன விலைக்குப் போகின்றன என்று கேளுங்கள். பின்னாளில் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிடித்திருக்கிறது, தினமும் பார்க்க ஆசை, கையில் பணம் இருக்கிறது என்றால் அது வாங்கப் போதுமான காரணம்.

வீட்டில் செய்து பார்க்கலாமா என்ற கேள்விக்குத் தாராளமாக ஆம். பிரஸ் தேவையில்லை. கடையில் கிடைக்கும் ஜெல் தகடு ஒன்று, ஒரு சின்ன ரோலர், அக்ரிலிக், கொஞ்சம் நல்ல காகிதம் போதும். இங்கே எல்லோர் வீட்டிலும் அகர் அகர் இருப்பதால் அதிலேயே தகடு ஊற்றலாமா என்று கேட்பார்கள். அது இறுகும், ஆனால் மொறமொறவென்று உடைந்துவிடும். ஜெலட்டினில் கிளிசரின் கலந்து ஊற்றினால் வளைந்து கொடுக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் இளகிவிடும், குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். நம் ஈரக் காற்றில் அக்ரிலிக் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும், விசிறிக் காற்று பட்டால் உருட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். வண்ணத்தைத் தாராளமாக ஊற்றுவதுதான் புதியவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல். ரோலர் உருளும்போது சளசளவென்று சத்தம் வந்தால் அதிகம், மெல்லிசாகச் சீறினால் சரியான அளவு. மேலே ஓர் இலையையோ வெட்டிய காகிதத்தையோ வைத்து முதல் தாளை எடுங்கள். இலையை எடுத்துவிட்டு, அது மறைத்த இடத்தில் மிச்சமிருக்கும் வண்ணத்தை இரண்டாவது தாளில் எடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் அழகாக இருக்கும், இலை நரம்பெல்லாம் அதில்தான் வரும். அது காய்ந்ததும் அதன் மேல் தண்ணீராக வண்ணம் தீட்டி, திரும்பவும் தகட்டில் வையுங்கள். எதையும் படமாக ஆக்க முயலாமல் அடுக்குகளை மட்டும் பாருங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். எண்ணெய் மையில் அச்சிட்டால் அதன் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிடிமானம் இல்லாததால் நாளடைவில் தோலாக உரிந்துவிடும். அக்ரிலிக் அடியில், எண்ணெய் மை மேலே, அதுதான் வரிசை. நீங்கள் பார்த்த படத்தைப் பற்றியும் இதைக் கேட்கலாம். மை எண்ணெயா, எது கீழே எது மேலே என்று. எண்ணெய் மையைத் துடைக்க டர்பென்டைன் தேவையில்லை, சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் கலந்த மையைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் அமுக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் இது விளையாட்டில்லை. விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

வாங்கினாலும் செய்தாலும் இங்கே காகிதத்துக்குப் பெரிய பகை ஈரப்பதம்தான். அருங்காட்சியகங்கள் 50 சதவீத அளவில் வைத்திருக்கப் பார்க்கும், நம் வீடுகளில் 80 சாதாரணம். படம் கண்ணாடியில் ஒட்டக்கூடாது, இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கம் சட்டக்கடைக்காரர் வழக்கமாகப் போடும் ஒட்டுப்பலகை வேண்டாம், அதிலிருக்கும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். குளியலறைக்குப் பின்சுவரிலோ, மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலோ மாட்டாதீர்கள். ஏர்கோனை இரவில் போட்டுப் பகலில் அணைக்கும் அறையும் நல்லதல்ல, தினமும் ஏறி இறங்கும் ஈரத்தில் காகிதம் நெளிந்துவிடும். படத்தில் மெல்லிய தாள் ஒட்டிய பகுதி இருந்தால் எந்தப் பசை என்று கேளுங்கள். மாவுப்பசை என்றால் ராமபாணப் பூச்சி தேடி வரும், அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை சட்டத்தின் பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தில் செல்லுலோஸ் என்றால் அந்தக் கவலை குறைவு.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாலான் தெமர்லோவில் இருக்கும் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்வாருங்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு. அங்கே மாட்டியிருக்கும் அச்சு வேலைகளின் சீட்டை முதலில் படிக்காமல், எது அச்சு, எது தூரிகை என்று இருவரும் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அந்தக் கண்காட்சிக்குத் திரும்பிப் போய், லென்ஸை எடுத்து, சட்டத்தைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கழற்றிக் காட்டினால், நான் மேலே சொன்ன சாம்பல் பகுதியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.